நகரத்துக் குளத்தில் பறவையை எண்ணுவதும் உழவர் வேலைதான்

விதை நம்மகிட்ட இருக்கு. தொழுவுரம், பஞ்சகவ்யா, மூலிகைப் பூச்சிவிரட்டி எல்லாம் நம்ம கையாலேயே செய்துகொள்கிறோம். பக்கத்துக் காட்டுக்காரர் மருந்தடிச்சா காத்துல இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு உயிர்வேலி போடுறோம். ஆனால் மடை வழியா வர்ற தண்ணி? அது எங்கே கிளம்பி, எந்த ஊர் சாக்கடையைச் சேர்த்துக்கிட்டு, எந்தப் பட்டறையின் கழிவைச் சுமந்துக்கிட்டு நம்ம வயலுக்குள்ள நுழையுதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

நகரத்துக்குக் கீழே ஆறோ வாய்க்காலோ ஓடுகிற எந்த ஊர் உழவருக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது. ஒரு சொட்டு ரசாயனம் போடாமல் பத்து வருஷம் பாடுபட்டு மண்ணைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கூட, மேலே இருக்கிற நகரம் என்ன கலக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நஞ்சில்லா உணவு கொடுக்க முடியும். அதனால் நகரத்துக் குளம் என்பது நகரத்துக்காரர்கள் நடைப்பயிற்சி போகிற இடம் மட்டும் இல்லை. அது நம்ம வயலின் தலைமடை.

கோவையிலும் சென்னையிலும் திருப்பூரிலும் விடியற்காலையில் சில பேர் தொலைநோக்கியும் நோட்டுமாகக் குளக்கரையில் நின்று பறவைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. கல்லூரிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள். "வேலை இல்லாதவங்க பொழுதுபோக்கு" என்று நம்மில் பலர் கடந்துபோகிறோம். அவர்கள் எழுதுகிற கணக்கு நமக்குத்தான் முதலில் வேண்டும், அதில் உழவரும் உட்கார்ந்து எழுத வேண்டும் என்பது என் கருத்து.

நொய்யல் சொல்லிக் கொடுத்த பாடம்

நொய்யல் வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகக் காவிரியில் சேர்கிறது. ஆற்றில் அணைக்கட்டு கட்டி, வாய்க்கால் வெட்டி, ஒரு குளம் நிரம்பினால் அடுத்த குளத்துக்குப் போகிற மாதிரி நம் முன்னோர் சங்கிலிபோலக் குளங்களை அமைத்தார்கள். கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம், சூலூர் குளம் எல்லாமே பாசனத்துக்காக வெட்டியவை. நகரம் வளர்ந்தது. குளத்தைச் சுற்றி இருந்த வயல் வீடாச்சு. மழைத் தண்ணி வந்த வாய்க்கால் சாக்கடையாச்சு. குளம் அங்கேயே இருக்கிறது. அதில் இருப்பது என்ன தண்ணி என்பதுதான் மாறிவிட்டது.

இன்னும் கீழே வந்தால் ஒரத்துப்பாளையம். ஈரோடு, கரூர் மாவட்டங்களில் சுமார் 20,000 ஏக்கர் பாசனம் பெறும் என்று சொல்லி 1990களின் தொடக்கத்தில் கட்டி முடித்த அணை. சில வருஷங்களிலேயே அது திருப்பூர் சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. அணை கேட்டுப் போராடிய உழவர்களே, "இதில் தண்ணீரைத் தேக்காதீர்கள்" என்று நீதிமன்றம் போக வேண்டிய நிலை வந்தது. ஆயக்கட்டு உழவர்கள் நடத்திய வழக்கில்தான் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளிலிருந்து ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியேறக்கூடாது என்றது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது.

அந்தப் பகுதி உழவர்களுக்குத் தண்ணி கெட்டது எப்படித் தெரிந்தது? தென்னை காய்ப்பு நின்றபோது, கிணற்றுத் தண்ணியை வாயில் வைக்க முடியாமல் போனபோது தெரிந்தது. அதெல்லாம் கடைசி அறிகுறி. அதற்குள் உப்பு மண்ணுக்குள்ளும் நிலத்தடி நீருக்குள்ளும் இறங்கிவிட்டது. மண்ணைக் கழுவி எடுக்க ஒரு தலைமுறை ஆகும். கெடுதல் நம்ம வரப்பைத் தொடும் முன்பே சொல்கிற ஒரு காவல்காரன் நமக்குத் தேவை. குளத்திலேயே உட்கார்ந்திருக்கிற பறவை அந்த வேலையில் பாதியைச் செய்யும்.

எந்தப் பறவை என்ன சொல்லும்?

பறவை தண்ணியிலிருந்து நேராக எதையும் அளப்பதில்லை. அது தன் இரையைத் தேடி வருகிறது. இரை எது என்று தெரிந்தால் தண்ணியின் நிலை ஓரளவு தெரியும். இதை உழவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஏர் பின்னால் உண்ணிக்கொக்கு வரிசையாக வந்தால் மண்ணில் புழு பூச்சி இருக்கு என்று நமக்குத் தெரியும்தானே.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணிக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, மீனைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பாயும். தண்ணி கலங்கி நுரை மூடினால் அதற்குப் பிழைப்பில்லை. முக்குளிப்பான் மூழ்கிச் சின்ன மீனையும் நீர்ப்பூச்சியையும் பிடிக்கிற பறவை. அதற்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும், கூடு கட்ட நீர்ச்செடி வேண்டும். நீளவால் இலைக்கோழி அல்லி, தாமரை இலை மேல் நடந்து பிழைப்பது. அது குஞ்சோடு திரிந்தால் அந்தக் குளத்தில் செடி கொடி ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். நத்தைகுத்தி நாரை பேருக்கேற்ப நத்தையையும் நன்னீர்ச் சிப்பியையும் தின்னும். வழக்கமாக அது மேய்ந்த ஓரத்தில் ஆளே இல்லை என்றால் அங்கே நத்தைக்கு என்ன ஆச்சு என்று கேட்க வேண்டும்.

ஒரு குளத்தை ஆகாயத்தாமரை முழுக்க மூடிவிட்டால் என்ன நடக்கும்? நீலத் தாழைக்கோழியும் தாழைக்கோழியும் அதன் மேல் நிறையத் தெரியும். மூழ்கி மீன் பிடிக்கிற முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா குறையும். நீந்தி மேய்கிற வாத்துக்கும் இடமில்லை. ஆகாயத்தாமரை அப்படிக் கொழுப்பது பெரும்பாலும் சாக்கடையின் தழைச்சத்தாலும் மணிச்சத்தாலும்தான். நாம் யூரியாவை விட்டோம். நகரம் தன் கழிவறை வழியாகக் குளத்துக்கு மேலுரம் போட்டுக்கொண்டிருக்கிறது.

தலையை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம்

இங்கேதான் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். "நம்ம குளத்துக்கு ஆயிரக்கணக்கில் பறவை வந்திருக்கு, குளம் சுத்தமாயிடுச்சு" என்று படத்தோடு செய்தி வரும். மேடையில் பேசுவார்கள். கூட்டம் அதிகமாக இருப்பதாலேயே தண்ணி நல்ல தண்ணி ஆகிவிடாது.

நெடுங்கால் உள்ளான் என்று ஒரு பறவை உண்டு. இளஞ்சிவப்புக் குச்சிக் கால், கருப்பு வெள்ளை உடம்பு. சாக்கடைச் சேற்றில் நெளியும் சிவப்புப் புழு அதற்கு விருந்து. ஆக்ஸிஜன் குறைந்த தண்ணியிலும் அந்தப் புழு பெருகும். ஒரு குளத்தில் நெடுங்கால் உள்ளான் மட்டும் கூட்டம் கூட்டமாக நின்று, மற்ற வகைகள் ஒவ்வொன்றாக மறைந்தால் அது கொண்டாட வேண்டிய செய்தி இல்லை.

மீன் தின்னும் பறவையிலும் இதே சிக்கல் உண்டு. ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மற்ற மீன் செத்துப்போகிற தண்ணியிலும் பிழைக்கும். அதைத் தின்ன நீர்க்காகமும் கூழைக்கடாவும் வரும். குப்பை மேடு பக்கத்தில் இருந்தால் கரும்பருந்து வட்டமிடும். ஆக, எத்தனை தலை என்பதோடு எத்தனை வகை, எந்த வகை கூடுகிறது, எது குறைகிறது, எது கூடு கட்டுகிறது என்று பார்த்தால்தான் கணக்கு பேசும்.

எண்ணிக்கை குறைந்தாலும் உடனே பதற வேண்டாம். நல்ல மழை பெய்த வருஷம் ஊரெல்லாம் குட்டை நிரம்பி இருக்கும். பறவை பரவிவிடும். பெரிய குளத்தில் கணக்கு குறையும். குளம் தளும்பி நின்றால் கரையோரச் சேறு மூழ்கிவிடும், உள்ளான் வகைகள் நிற்க இடம் இருக்காது. வலசை வருகிற பறவை என்றால் கோளாறு அது கிளம்பிய தேசத்திலும் இருக்கலாம். அதனால்தான் ஒரு குளத்தை மட்டும் பார்க்கக்கூடாது. சுற்றியுள்ள நாலு குளத்தில் கணக்கு சரியாக இருந்து, ஒரு குளத்தில் மட்டும் இரண்டு மூன்று வருஷமாகச் சரிந்தால், அந்தக் குளத்தின் வாய்க்காலைத் தேடிப் போக வேண்டும்.

பழைய கணக்கு இருந்தால்தான் புதுக் கேடு தெரியும்

வீட்டில் பால் கணக்கு எழுதுகிறவருக்குத்தான் மாடு எந்த வாரம் கறவை குறைந்தது என்று சொல்ல முடியும். பறவைக் கணக்கும் அப்படித்தான்.

பிணந்தின்னிக் கழுகு கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் 1980களில் எடுத்த கணக்கு ஒன்று இருந்தது. 1990களின் பிற்பகுதியில் மறுபடி எண்ணியபோது கழுகுகள் சரிந்துவிட்டது தெரிந்தது. பழைய கணக்கு இல்லையென்றால் "முன்னெல்லாம் நிறைய இருக்கும்" என்ற பேச்சோடு போயிருக்கும். தேடிப் போனதில், மாட்டுக்கு வலிக்குப் போடுகிற டைக்ளோஃபெனாக் மருந்துதான் செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004இல் தெரியவந்தது. 2006இல் இந்தியா அதைக் கால்நடை மருத்துவத்தில் தடை செய்தது. நம்ம தொழுவத்து ஊசிக்கும் வானத்துக் கழுகுக்கும் உள்ள உறவு வெளியே வந்ததற்கு முதல் படி, யாரோ உட்கார்ந்து எண்ணி எழுதி வைத்ததுதான்.

நீர்ப்பறவைகளுக்கு அப்படி ஒரு தொடர் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில் தன்னார்வலர்கள் ஒரே சமயத்தில் ஏரி, குளம், கழிமுகங்களில் எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டில் 2015இலிருந்து பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்ததைப் பட்டியலாக எழுதி 'இ-பேர்ட்' என்ற செயலியில் ஏற்றினால் போதும். வனத்துறையும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு கணக்கெடுக்கிறது. 2023இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 வகைப் பறவைகளைப் பற்றிப் பேசியது. அதற்கு ஆதாரம் 30,000க்கும் மேற்பட்ட சாதாரண ஆட்கள் எழுதிய பட்டியல்கள்.

கணக்கு எழுதினால் என்ன கிடைக்கும் என்று கேட்டால் திருப்பூரையே காட்டலாம். ஊருக்கு வடக்கே நல்லாற்றுத் தண்ணி வந்து சேர்கிற நஞ்சராயன் குளம், சுமார் 125 ஹெக்டேர். சர்க்கார் பெரியபாளையம் குளம் என்றும் சொல்வார்கள். சாயத்தொழில் நகரத்தின் ஓரத்தில் இருக்கிற இந்தக் குளத்துக்கு இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் வருஷக்கணக்காகப் போய்ப் பார்த்து எழுதினார்கள். 2022இல் அது மாநிலத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பட்டியல் இல்லாத குளம் அரசாங்கக் கண்ணுக்குப் புறம்போக்கு நிலம்தான். பேருந்து நிலையம் கட்டலாம், குப்பை கொட்டலாம்.

உழவர் இல்லாத கணக்கில் என்ன குறை?

இவ்வளவு நடந்தும் அந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. நகரத்து நண்பர்கள் பெரும்பாலும் போவது பேர் பெற்ற குளங்களுக்கு. அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். கடைமடைக் குளம், வாய்க்கால், தேக்கணைக்குக் கீழே உள்ள பள்ளம், இதெல்லாம் வெற்றிடமாகவே கிடக்கும். சித்திரை வெயிலில் தண்ணி வற்றிக் கழிவு மட்டும் ஓடுகிற நேரத்தில் அங்கே யாரும் நிற்பதில்லை. நாம் நிற்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. மதகு எப்போது திறந்தார்கள், எந்த ராத்திரி தண்ணி நிறம் மாறி வந்தது, மீன் குத்தகைக்காரர் எப்போது வலை போட்டார், தூர் எப்போது எடுத்தார்கள் என்பதெல்லாம் பறவை பார்க்க வருகிறவருக்குத் தெரியாது. பறவை திடீரென்று குறைந்தால் அவர் "குறைவு" என்று எழுதுவார். "போன வாரம் மேலே இருந்து கருப்புத் தண்ணி வந்துச்சு" என்று பக்கத்தில் எழுத உழவரால்தான் முடியும். அந்த ஒரு வரி இருந்தால்தான் கணக்கு சாட்சியாக மாறும்.

சில கேள்விகளுக்குப் பதில்

"பறவை நம்ம வெள்ளாமையைத் தின்னுது. அதை எண்ண வேற செய்யணுமா?" நியாயமான கோபம். மயில் நிலக்கடலையைக் கிளறுவதும், நீலத் தாழைக்கோழி நாற்றில் இறங்குவதும் உண்மை. ஆனால் எண்ணுவது என்றால் கும்பிடுவது இல்லை. சேதம் பண்ணுகிற பறவை எந்த மாதம் எத்தனை வருகிறது என்ற கணக்கு இருந்தால், இழப்பீடு கேட்கவும் அதுவே உதவும்.

"கணக்கெடுத்தா சரணாலயம்னு அறிவிச்சு நம்மளையே உள்ளே விட மாட்டாங்க." இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பாசன உரிமையைப் பறிக்கிற எந்த அறிவிப்பையும் ஏற்க முடியாது. ஆனால் வேடந்தாங்கலைப் பாருங்கள். அந்த ஏரித் தண்ணியில் பறவை எச்சம் கலந்து வயலுக்கே உரமாகிறது என்பதைக் கண்டுகொண்ட ஊர்மக்கள், 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பறவையைச் சுடக்கூடாது என்று ஆங்கிலேய கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்கள். பறவையைக் காத்தது பாசனக்காரர்கள்தான். நாம் ஒதுங்கி நின்றால் நமக்குத் தெரியாமல் முடிவெடுப்பார்கள். கணக்கு நோட்டு நம்ம கையிலும் இருந்தால் நம்மைக் கேட்காமல் முடிவெடுப்பது கஷ்டம்.

"டி.டி.எஸ். மீட்டர் ஒண்ணு வாங்கினா போதாதா?" வாங்குங்கள், நல்லதுதான். மீட்டர் இன்றைக்கு இந்தச் செம்பில் எவ்வளவு உப்பு என்று சொல்லும். நேற்று ராத்திரி வந்து போனது அதற்குத் தெரியாது. பறவை பல மாதமாக அந்தத் தண்ணியில் நத்தையும் மீனும் பூச்சியும் எப்படி இருந்தன என்று சொல்லும். ஆனால் என்ன நஞ்சு, எவ்வளவு என்று பறவையால் சொல்ல முடியாது. குரோமியமும் காரீயமும் இருப்பதை ஆய்வகம்தான் காட்டும். பறவைக் கணக்கு எங்கே, எப்போது பாட்டிலை முக்கிப் பரிசோதனைக்கு அனுப்பணும் என்று காட்டுகிற விரல்.

இதில் நமக்கு உடனடியாகத் தேவைப்படுகிற ஒரு விஷயம் வண்டல். குளத்து வண்டல் என்றால் நமக்கு ஆசை. தாசில்தார் அனுமதி வாங்கி டிப்பர் டிப்பராக அடித்துக் காட்டில் பரப்புகிறோம். கிராமத்து ஏரி வண்டலுக்கும் நகரத்துக் குளத்து வண்டலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சாக்கடையில் வந்த உலோகம் தண்ணியில் நிற்பதைவிடச் சேற்றில்தான் அதிகம் தங்கும். நத்தைகுத்தியும் இலைக்கோழியும் கைவிட்டு, நெடுங்கால் உள்ளான் மட்டும் மேய்கிற குளம் என்றால் பரிசோதனை செய்யாமல் ஒரு கூடை வண்டல்கூட எடுக்காதீர்கள். போட்ட யூரியா ஓரிரு வருஷத்தில் போய்விடும். போட்ட காரீயம் பேரன் காலத்திலும் இருக்கும்.

எப்படி எண்ணுவது?

பெரிய படிப்பு வேண்டாம். இருபது நிமிடமும் ஒரு நோட்டும் போதும்.

குளத்திலோ வாய்க்காலிலோ ஒரு இடத்தை முடிவு செய்யுங்கள். மதகுப் பக்கம், தண்ணி உள்ளே வருகிற வாய் என இரண்டு இடம் இருந்தால் நல்லது. எப்போதும் அதே இடம், அதே நேரம், அதே இருபது நிமிடம். விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் பார்ப்பது சிறப்பு. பதினைந்து நாளுக்கு ஒரு தரம் போனால் போதும். ஆனால் விடக்கூடாது.

இரண்டு பேராகப் போங்கள். ஒருத்தர் பார்க்க, ஒருத்தர் எழுத. பெரிய கூட்டம் என்றால் பத்தை ஒரு பிடியாக வைத்துக்கொண்டு எத்தனை பிடி என்று மதிப்பிடலாம். பேர் தெரியாத பறவைக்கு நம்ம ஊர்ப் பேரையே எழுதுங்கள். மடையான், முக்குளிப்பான், நாமக்கோழி என்று நாம் சொல்கிற பேரெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. தெரியாததை அடையாளம் மட்டும் எழுதி, பிறகு தெரிந்தவரிடம் கேட்கலாம். சந்தேகமானதை ஊகத்தில் எழுத வேண்டாம். பார்க்கப்போய் ஒரு பறவையும் இல்லை என்றால் "இல்லை" என்று எழுதுங்கள். அந்த "இல்லை"தான் சில நேரம் பெரிய சாட்சி.

பறவைக்குப் பக்கத்திலேயே தண்ணிக் கணக்கும் எழுதுங்கள். மட்டம் எவ்வளவு, நிறம் என்ன, நுரை உண்டா, நாற்றம் எப்படி, மதகு திறந்ததா, மீன் செத்து மிதந்ததா, ஆகாயத்தாமரை எவ்வளவு தூரம். கூட்டுக்குப் பக்கத்தில் போக வேண்டாம். செத்த பறவையைக் கையால் தொடாதீர்கள். ஒன்றுக்கு மேல் செத்துக் கிடந்தால் கால்நடைத் துறைக்கும் வனத்துறைக்கும் உடனே சொல்லுங்கள்.

வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அவர்கள் கைப்பேசியில் பட்டியலை ஏற்றிவிடுவார்கள். நோட்டை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கை வைத்து என்ன செய்வது?

ஒரு வருஷக் கணக்கு சேர்ந்ததும் அதை அலமாரியில் வைக்க வேண்டாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. "தண்ணி நாறுது சார்" என்று வெறும் வாயால் சொன்னால் "பார்க்கிறோம்" என்ற பதில்தான் வரும். "இந்த ஐந்து குளத்தில் இந்த ஒரு குளத்தில் மட்டும் வைகாசியிலிருந்து முக்குளிப்பானும் மீன்கொத்தியும் இல்லை, அதே நாளில் இந்த வாய்க்காலில் நுரை வந்தது, அந்தத் தண்ணியின் பரிசோதனைச் சீட்டு இது" என்று தேதியோடு நீட்டினால் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. கிராம சபையில் தீர்மானம் போடவும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதவும் அதே தாள் போதும்.

நகரத்து நண்பர்களிடமும் மாநகராட்சிகளிடமும் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. குளத்தை அழகுபடுத்துகிறோம் என்று நாலு பக்கமும் கல் பதித்து, நடைபாதை போட்டு, விளக்கு கட்டி, படகு விடுகிறார்கள். கரையோரம் ஒரு சாண் ஆழத்தில் சேறும் கோரையும் இருந்தால்தான் உள்ளானும் நாரையும் நிற்கும். அந்தக் கோரைதான் தண்ணியையும் கொஞ்சம் வடிகட்டும். கரையைக் கிண்ணம் மாதிரி செங்குத்தாக்கினால் பறவை போகும், வடிகட்டியும் போகும், சாக்கடை மட்டும் அப்படியே நம்ம பக்கம் வரும். பூங்காவுக்குச் செலவு செய்வதற்கு முன், குளத்துக்குள் விழுகிற சாக்கடையைச் சுத்திகரிக்கச் செலவு செய்யுங்கள் என்று நாம் சத்தமாகக் கேட்க வேண்டும். பறவை ஆர்வலர்கள் இந்தக் கேள்வியில் நம் பக்கம் நிற்பார்கள். அவர்களுக்கு வேண்டியதும் அதே தண்ணிதான்.

அடுத்த பொங்கலுக்கு நம் இயக்கத் தோழர்கள் இருக்கிற ஒவ்வொரு ஊரிலும் ஒரு குளமாவது இந்தக் கணக்கில் சேரட்டும். முதல் வருஷம் பத்துப் பறவை பேர்தான் தெரிந்தது என்றாலும் பரவாயில்லை. மூன்றாம் வருஷம் அதே நோட்டு ஊருக்கே ஆவணமாகியிருக்கும்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் நோட்டோடு குளத்துக்குப் போங்கள். எண்ணி முடித்ததும் ஒரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம். இந்தத் தண்ணியில் நம்ம மாட்டைக் குளிப்பாட்டுவோமா? மாட்டார்கள் என்றால், அதே தண்ணியை நெல்லுக்குப் பாய்ச்சி ஊருக்குச் சோறு போடுவது எப்படி என்று மேலே இருக்கிற நகரத்தைக் கேட்க, தேதி போட்ட நோட்டு நம்ம கையில் இருக்கணும்.